கணக்கில் வராத மாடி

அரசுத் தணிக்கைத் துறை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மற்றவர்கள் செலவழித்த பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பதுதான் தொழில். கேட்டதற்குச் சம்பளம் வாங்கினேன். கேட்டு முடித்துவிட்டதற்கு இப்போது ஓய்வூதியம் வாங்குகிறேன். ஆனால் மதுரையின் இந்தத் திருநகரில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு என் தெருவிலோ வார்டிலோ தொகுதியிலோ செலவான ஒரு ரூபாய்க்குக்கூட நான் கணக்குக் கேட்டதில்லை. கேட்கத் தெரியாமல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டியதே இல்லை. நன்றாகத் தெரியும்.

ஒரு தெருவுக்குத் தார் போட்டதைக் காகிதத்தில் எப்படிப் பார்ப்பது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முதலில் எஸ்டிமேட். அதற்கு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி. பிறகு டெண்டர், ஒப்பந்தம், வேலை உத்தரவு. வேலை நடந்ததும் உதவிப் பொறியாளர் அளந்து எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் எழுதுவார். அவருக்கு மேலே இருப்பவர் அதில் ஒரு பங்கை மறுபடி அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதை வைத்துத்தான் பில் போடுவார்கள். பில்லை யாரும் அழகாக எழுதிவிடலாம், ஆகவே நாங்கள் எம்-புக்கைத்தான் பிடித்துக்கொள்வோம். அதிலும் புதிதாக வேலைக்கு வந்தவன் நீளம் அகலம் கனம் என்று பெருக்கிக்கொண்டிருப்பான். பழகியவன் தேதியைப் பார்ப்பான். ஒன்றுக்கொன்று இருபது கிலோமீட்டர் தள்ளி நடந்த நாலு வேலைகளை ஒரே ஆள் ஒரே நாளில் அளந்திருந்தால் பென்சில் அங்கே நிற்கும். மழை கொட்டிய நாளில் தார் போட்டதாக இருந்தாலும் நிற்கும். மார்ச் மாதக் கடைசி வாரத்து பில்களில் ரொம்பவே நிற்கும். நிதியாண்டு முடிவதற்குள் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலைகள் காகிதத்தில் மளமளவென்று முடிந்துவிடுவதைப் பார்த்தவன் நான்.

எங்கள் தெருவில் தார் போட்ட அன்று நான் காலை நடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பாதித் தெரு முடிந்திருந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அதே உயரத்துக்குப் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அறிவுறுத்தியிருந்தது எனக்குத் தெரியும். அந்தச் செய்தியை நறுக்கியே வைத்திருந்தேன். சாலை ஏற ஏற வீடு தாழ்ந்துபோய், மழைத்தண்ணீர் வாசற்படி தாண்டி வருகிற கொடுமை தமிழ்நாட்டில் எந்த ஊருக்கும் புதிதல்ல. ஆனாலும் நான் எங்கள் தெருவில் சுரண்டினார்களா என்று விசாரிக்கவில்லை. எஸ்டிமேட்டில் எத்தனை மில்லிமீட்டர் கனம் என்றும் கேட்கவில்லை. வேலை சரியாகவே நடந்திருக்கலாம், அந்த ஒப்பந்ததாரர் யோக்கியராகவும் இருக்கலாம். அவர் மீதோ வேறு யார் மீதோ சொல்வதற்கு என்னிடம் ஒரு புகாரும் இல்லை. எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். பத்து ரூபாய் செலவழித்தால் தெரிந்துகொண்டிருக்கலாம்.

பத்து ரூபாய் என்று சும்மா சொல்லவில்லை. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். நகல் வேண்டுமென்றால் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். எஸ்டிமேட்டும் எம்-புக்கும் கேட்கலாம். பலருக்குத் தெரியாத ஒன்றும் அதில் உண்டு: நடக்கிற வேலையை நேரில் போய்ப் பார்க்கலாம், பயன்படுத்திய பொருளிலிருந்து சான்றளித்த மாதிரி எடுத்துத் தரும்படியும் கேட்கலாம். தாரும் ஜல்லியும்கூட அந்தச் சட்டத்தின்படி தகவல்தான். இந்தியாவில் தகவல் உரிமைக்கென்று முதலில் சட்டம் போட்ட மாநிலமும் நம்முடையதுதான், 1997-இல். அந்தச் சட்டத்தில் ஓட்டைகள் அதிகம் என்று அப்போது அலுவலகத்தில் உட்கார்ந்து விமரிசித்தவர்களில் நானும் ஒருவன். ஓட்டையில்லாத சட்டம் வந்த பிறகு நான் அதை வைத்து என்ன செய்தேன் என்று அந்தச் சகாக்களில் யாராவது கேட்டால் பதில் இல்லை.

அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று நினைத்தால் இன்னும் கூசுகிறது. ராஜஸ்தானில் பாலி மாவட்டத்துக் கோட்கிரானா என்ற ஊரில் 1994 டிசம்பரில் ஜனங்கள் பொதுவில் கூடினார்கள். தங்கள் பெயரில் எழுதியிருந்த கூலிக் கணக்கை ஒருவர் சத்தமாக வாசிக்க, வேலை பார்த்தவர்களே எழுந்து, இது பொய், எனக்கு இவ்வளவு வரவில்லை என்று சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளிகள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் நாளைக்கு அவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டியவர்கள். வேலை போய்விடும் என்று பயப்பட அவர்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. எனக்கு மாதம் பிறந்தால் வங்கியில் ஓய்வூதியம் விழுகிறது, அதை எந்தக் கவுன்சிலராலும் நிறுத்த முடியாது. 2002-இல் டெல்லி சுந்தர் நகரியில் பரிவர்த்தன் என்ற அமைப்பு, குடிசைப்பகுதி மக்களை வைத்தே சாலைக் கணக்கையும் சாக்கடைக் கணக்கையும் சரிபார்த்தது. காகிதத்தில் இருந்த இரும்பு மூடிகளைத் தெருவில் போய் எண்ணினார்கள். நான் சம்பளத்துக்குச் செய்த வேலையை அவர்கள் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து செய்தார்கள்.

இனி திருநகர். முதல் ஸ்டாப், இரண்டாவது ஸ்டாப் என்று பஸ் நிறுத்தத்தை வைத்தே விலாசம் சொல்லும் ஊர் இது. ஒரு பக்கம் ஹார்விபட்டி, ஒரு பக்கம் பொம்மை செய்யும் விளாச்சேரி, பக்கத்திலேயே திருப்பரங்குன்றம் மலை. அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஓய்வு பெற்றவர்களும் நிறைந்த இடம். ஹிந்துவும் தினமணியும் வரிவிடாமல் படிப்பவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் தேறுவார்கள். 2011 வரை தனிப் பேரூராட்சி. அந்த ஆண்டு மாநகராட்சி எல்லை விரிந்து 72 வார்டு 100 ஆனபோது நாங்களும் மதுரைக்குள் போனோம். 2016 அக்டோபரில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல்தான் நடந்தது. நடுவே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. ஓட்டுக் கேட்டு வந்த ஆள் ஒருவர்கூட இல்லாமல் மதுரையின் பட்ஜெட்டுகள் நிறைவேறின.

அதே காலத்தில் எங்கள் தொகுதி என்னவெல்லாம் பார்த்தது என்று எண்ணிப் பாருங்கள். 2016 மே மாதம் திருப்பரங்குன்றம் சட்டமன்றத் தேர்தலில் வென்ற சீனிவேல், பதவிப் பிரமாணம் எடுப்பதற்கு முன்பே அந்த மாதமே இறந்துபோனார். நவம்பர் 19-இல் இடைத்தேர்தல். ஐநூறு ஆயிரம் நோட்டு செல்லாது என்று அறிவித்துப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. ஏ.டி.எம். வரிசையில் நின்ற அதே கால்கள் வாக்குச்சாவடி வரிசையிலும் நின்றன. ஏ.கே.போஸ் ஜெயித்தார். 2018 ஆகஸ்டில் அவரும் காலமானார். அவர் பெற்ற வெற்றியே செல்லாது என்று 2019 மார்ச்சில் உயர் நீதிமன்றம் சொன்னது, கட்சிப் படிவத்தில் இருந்த ஜெயலலிதாவின் கைரேகை சம்பந்தப்பட்ட வழக்கில். ஏப்ரல் 18 மக்களவைத் தேர்தல், மே 19 மறுபடி சட்டமன்ற இடைத்தேர்தல், சரவணன் வென்றார். மூன்றே ஆண்டில் எம்.எல்.ஏ.வுக்காக மூன்று முறை விரலில் மை வைத்தார்கள். தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் பொறுப்பான கவுன்சிலருக்காக ஒரு முறைகூட இல்லை. இதை நான் அப்போது யாரிடமும் சொல்லிப் புலம்பியதாக ஞாபகம் இல்லை. உண்மையைச் சொன்னால், கவுன்சிலர் இல்லாத அந்தக் காலம் எனக்கு நிம்மதியாகவே இருந்தது. கேள்வி கேட்க ஆளே இல்லை என்பதால், கேட்கவில்லையே என்ற உறுத்தலும் இல்லை.

எங்கள் எம்.பி. யார் என்பதிலேயே எங்களில் பாதிப் பேருக்குக் குழப்பம். மதுரை மாநகராட்சிக்கு வரி கட்டுகிறோம், மக்களவைக்கு ஓட்டுப்போடுவது விருதுநகர் தொகுதியில். 2008 மறுசீரமைப்பு அப்படி. மதுரை எம்.பி. எங்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று வெகுநாள் திட்டிக்கொண்டிருந்த ஒரு நண்பரை நான் திருத்தவில்லை. திருத்தினால், சரி, விருதுநகர் எம்.பி. தன் ஐந்து கோடியை எதில் செலவழித்தார், கேட்டுச் சொல்லுங்கள் என்பார்.

அந்த நிதி விஷயத்தில் எனக்கு ஒரு சால்வைக் கதை உண்டு. எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி, தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி என்று தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. அவர்கள் கையில் அந்தப் பணம் வராது. இன்ன வேலை செய்யுங்கள் என்று பரிந்துரைப்பார்கள், மாவட்ட நிர்வாகம் அனுமதி கொடுத்துச் செலவழிக்கும். இது என் தொழில் அறிவு. இருந்தும் ஒரு நிழற்குடை திறப்பு விழாவில் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் நான்தான் சால்வை போர்த்தினேன், "எங்களுக்கு இதைக் கட்டிக்கொடுத்த வள்ளல்" என்று மைக்கில் பேசவும் பேசினேன். எங்கள் வரியில் எங்களுக்கு வந்த நிழல் அது. பலகையில் பெயர் இரண்டடி உயரம், மதிப்பீட்டுத் தொகை கீழே ஓர் ஓரத்தில். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நான் அந்தத் தொகையைப் படித்தேன். அந்த அளவு கூரைக்கும் தூணுக்கும் அது கூடுதலா குறைவா என்று மனத்துக்குள் ஒரு கணக்கு ஓடியது. யாரோ டீ கொண்டு வந்தார்கள், கணக்கு நின்றுவிட்டது.

அடுத்தது உறை. எந்தத் தேர்தல், எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பழி அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். 2009 ஜனவரியில் இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் உள்ள திருமங்கலத்தில் நடந்த இடைத்தேர்தல், ஓட்டுக்குப் பணம் கொடுப்பதற்கே 'திருமங்கலம் ஃபார்முலா' என்று நாடு முழுக்கப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அப்போது அவர்களைப் பற்றி வாய் வலிக்கப் பேசினேன். 2011 தேர்தலுக்கு ஆட்சியராக வந்த சகாயம், பணம் வாங்காதீர்கள் என்று மாவட்டம் முழுக்கச் சொன்னபோது கைதட்டினேன். அதற்குப் பின்னால் வந்த ஒரு தேர்தலில், ராத்திரி எட்டரை மணிக்குத் தெருவிலேயே வளர்ந்த பையன் ஒருவன் வாக்காளர் பட்டியலோடு வந்தான்.

"சித்தப்பா, வீட்டுல எத்தன ஓட்டு?"

"நாலு" என்றேன்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மகன் பெங்களூரு போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, மகள் சென்னையில். பெயர்கள் மட்டும் இன்னும் பட்டியலில் இருந்தன. வேலைக்கு வராத ஆள் பெயரில் கூலி எழுதியிருந்தால் போலி மஸ்டர் ரோல் என்று பாரா எழுதி, தொகையை வசூலிக்கச் சொல்லிப் பரிந்துரைத்தவன் நான். நாலு உறை வாங்கிக்கொண்டேன். ஓட்டுக்குப் பணம் வாங்குவதும் கொடுப்பதைப் போலவே குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 171பி, 171இ, ஓராண்டு வரை சிறை. திருப்பரங்குன்றத்து முருகன் உண்டியலில் போட்டுவிடலாம் என்று முதல் இரண்டு நாள் நினைத்தேன். பிறகு வீட்டு இன்வெர்ட்டருக்குப் புதுப் பேட்டரி வாங்கியபோது அந்தப் பணமும் சேர்ந்து போனது. ஓட்டை அவர்களுக்குப் போடவில்லை என்று கொஞ்ச நாள் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொண்டேன், அது ஏதோ நியாயம் போல. பணம் கொடுத்தவருக்கு அது தெரியாது. அவரைப் பொறுத்தவரை கணக்குத் தீர்ந்துவிட்டது. ஐந்து ஆண்டில் எதைக் கேட்கப் போனாலும், "நாலு ஓட்டு வீடு" என்று என் பெயருக்கு எதிரே ஒரு டிக் இருக்கும்.

இதெல்லாம்கூடச் சமாளித்துவிடக் கூடியவை. வாயைத் தைத்துப்போட்டது மாடிதான்.

வீடு கட்டும்போது கீழ்த்தளம் மட்டும், 1,100 சதுர அடி. பிறகு மேலே 450 சதுர அடியில் ஒரு பகுதி எடுத்து வாடகைக்கு விட்டேன். வரிக் கணக்கில் அது ஏறவில்லை, நான் ஏற்றவில்லை. 2022 ஏப்ரலில் சொத்து வரியைச் சீராய்வு செய்தார்கள். மதுரை போன்ற மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடு உயர்வு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. மாடியைச் சேர்த்தால் நான் 75-இல் வருவேன், சேர்க்காவிட்டால் 50. மாடியைச் சொல்ல வேண்டிய நேரம் அது. அரசாங்கம் ஏழைகளின் தலையில் வரியை ஏற்றுகிறது என்று டீக்கடையில் முழங்கிவிட்டு வந்து, பழைய அளவுக்கு வந்த கேட்பை அப்படியே கட்டினேன். இதில் யாரும் எனக்கு யோசனை சொல்லவில்லை, யாருக்கும் நான் எதுவும் கொடுக்கவில்லை. மற்றவர்கள் கணக்கில் விடுபட்ட வரவினத்தைத் தோண்டி எடுத்தே பேர் வாங்கியவன், தன் வீட்டில் ஓர் இனத்தைத் தானாகவே விட்டான்.

அந்த வருஷம்தான் எங்கள் தெருவில் தார் போட்டார்கள். ஆர்வம் தாங்காமல் ஒரு ராத்திரி தகவல் கேட்கும் மனுவை எழுதினேன். எழுதியது நன்றாகவே வந்தது, தொழில்காரன் எழுதியதல்லவா. ஸ்டாம்பும் ஒட்டினேன். காலையில் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் எங்கோ படித்த பொருளாதாரம் எதுவும் பேசவில்லை. காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்:

"நாம அவுக கணக்கக் கேட்டா, அவுக நம்ம மாடியக் கேக்க மாட்டாகளாங்க?"

மனு மேஜை டிராயருக்குள் போய்விட்டது.

ஊழல் ஏன் ஒழியவில்லை என்று பெரிய பெரிய மேடைகளில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அரசியல்வாதியின் பேராசை, அதிகாரியின் பயம், சட்டத்தின் தாமதம். எல்லாம் உண்மை. ஆனால் என்னைப் போன்றவர்களின் மாடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு தெருவில் கேள்வி கேட்கத் தகுதியுள்ள ஐந்து பேர் இருந்தால், ஐந்து பேர் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. ஒருவருக்குப் பொதுப் பாதையில் ஓரடி நீண்ட சாய்தளம், ஒருவருக்கு அனுமதி வாங்காத ஆழ்குழாய், ஒருவருக்கு மகனின் வேலைக்காக யாரிடமோ வாங்கிய சிபாரிசுக் கடிதம். யாரும் நம்மை மிரட்ட வேண்டியதே இல்லை. நாமே நம்மை மிரட்டிக்கொள்கிறோம். பதவியில் இருப்பவருக்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாடு கிடையாது, செலவும் இல்லாதது.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி நான் ஒரு பள்ளிக்கூடத்தில் குடியரசு நாளன்று பேசியிருக்கிறேன். முதலாம் பராந்தகன் காலம், 919-உம் 921-உம். குடவோலையில் பெயர் எழுதத் தகுதியில்லாதவர்கள் பட்டியல் ஒன்று அதில் வரும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மவர்கள் எப்படியிருந்தார்கள் பாருங்கள் என்று முடித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து மாடி வாடகையை வாங்கி வைத்தேன்.

பகுதி சபை என்று ஒன்று வந்தது தெரிந்திருக்கும். கிராமங்களுக்கு கிராம சபை இருக்கிறது, நகரத்துக்காரனுக்கு அப்படி ஒன்றும் இல்லையே என்று இருந்த நிலையை மாற்ற, 2022-இல் விதி கொண்டு வந்தார்கள். வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேச வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று மாநிலம் முழுக்க முதல் கூட்டம். தாம்பரம் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே உட்கார்ந்திருந்தார். இங்கே நடந்த ஒரு கூட்டத்துக்கு நானும் போனேன். போகும்போது சட்டைப் பையில் ஒரு துண்டுச்சீட்டு. இந்த ஆண்டு இந்த வார்டில் எந்தெந்த வேலைக்கு எவ்வளவு என்ற பட்டியலைப் படித்துக் காட்ட முடியுமா என்று ஒரே கேள்வி. மரியாதையான கேள்விதான். எல்லாரும் பேசி முடித்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க ஆடிட்ல இருந்தவரு. நீங்க ஒரு வார்த்த கேளுங்க" என்றார். கூட்டமே என்னைப் பார்த்தது. எழுந்தேன். மாடி ஞாபகம் வந்தது.

நாய்த் தொல்லை அதிகமாகிவிட்டது, நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பலமாகக் கைதட்டினார்கள். நாய்ப் பிரச்சினை இல்லாமலும் இல்லை.

2021 ஆகஸ்டில் நிதியமைச்சராக இருந்த நம்மூர்க்காரர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டு, தமிழ்நாட்டில் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்றார். அந்த எண்ணை நான் பல பேரிடம் கடைசி ரூபாய் வரை சொல்லிக் காட்டியிருக்கிறேன். பெரிய எண்ணைப் பற்றிப் பேச எனக்கு எப்போதும் தைரியம் உண்டு. அந்த உயரத்திலிருந்து யாரும் இறங்கி வந்து என் மாடியை அளக்கப்போவதில்லை. என் தெருச் சாலைக்கு எவ்வளவு என்ற சின்ன எண்தான் தொண்டையில் சிக்கியது.

2025-இல் மதுரை மாநகராட்சிச் சொத்து வரி விவகாரம் வெடித்தது. அதிகாரிகளின் கடவுச்சொற்களைப் பயன்படுத்திப் பல கட்டடங்களின் வரியைக் குறைத்துவிட்டதாக வழக்கு. ஊழியர்களும் மற்றவர்களும் கைதானார்கள், ஜூலையில் மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள், அக்டோபரில் மேயரும் விலகினார். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். திருநகர் டீக்கடைகளில் அந்த மாதங்களில் வேறு பேச்சே இல்லை. எவ்வளவு கோடி, எந்த மண்டலம், யாருக்கு யார் சொந்தம். எல்லாரும் கொதித்தார்கள். நான் பேப்பரைக் கொஞ்சம் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாக் கட்டடங்களையும் மறுபடி அளக்கப்போகிறார்களாம் என்று ஒருவர் சொன்னபோது மற்றவர்கள், "அளக்கட்டும், அப்பத்தான் புத்தி வரும்" என்றார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மேயர் வரை ஆட்டிவைத்த விவகாரத்தில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி கோபமாக இருந்திருக்க வேண்டும். பயமாக இருந்தது. திருடன் யார் என்று தேடும் கூட்டத்தில் நானும் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன், ஆனால் வெளிச்சம் என் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்பதில்தான் கவனமெல்லாம்.

பயம் தாங்காமல்தான் மாடியைச் சொன்னேன், மனசாட்சி விழித்து அல்ல. எழுதிக் கொடுத்து, அளந்து, புதுக் கேட்பு வந்தது. கூடுதல் தொகையைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அரையாண்டுக்கு ஆயிரம் ரூபாய்கூட இல்லை. மாடியில் குடியிருக்கிறவர் ஒரு மாதம் கொடுக்கும் வாடகையில் சின்னத் துண்டு. அதற்காகத்தான் ஒரு சாலை, ஒரு நிழற்குடை, ஒரு பகுதி சபை என்று ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டு போனேன். இதைவிட அதிகம் வாங்கிக்கொண்டு வாயை மூடியவர்களைத்தான் நான் வாழ்நாள் முழுக்கக் கேவலமாக எழுதியிருக்கிறேன்.

மாடிதான் தடை என்றால் மாடி கணக்கில் ஏறிய மறுநாளே மனு போயிருக்க வேண்டும். இன்னும் போகவில்லை. முதலில் தீபாவளி முடியட்டும் என்றிருந்தேன். பிறகு மாநகராட்சியே குழப்பத்தில் இருக்கும்போது எதற்கு என்றிருந்தேன். தெருவில் தினமும் முகம் பார்க்கிற ஆட்கள், நாளைக்கு ஒரு மரணச் சான்றிதழுக்கோ குடிநீர் இணைப்புக்கோ அவர்களிடம்தானே போக வேண்டும் என்றும் யோசனை வந்தது. காரணங்கள் தானாக முளைக்கின்றன. மாடியும் அப்படி முளைத்த ஒன்றுதானோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அது இல்லாமல் இருந்திருந்தாலும் நான் நாயைப் பற்றித்தான் கேட்டிருப்பேன் போல.

டிராயரில் இருக்கும் மனுவில் ஐந்து கேள்விகள். எஸ்டிமேட் நகல், எம்-புக் நகல், பழைய மேற்பரப்பைச் சுரண்டியதற்குத் தனியாகத் தொகை காட்டப்பட்டிருக்கிறதா, வேலையில் குறை தெரிந்தால் ஒப்பந்ததாரரே தன் செலவில் சரிசெய்து கொடுக்க வேண்டிய பொறுப்புக் காலம் எத்தனை மாதம், தரச் சோதனை அறிக்கை. நேற்று எடுத்துப் பார்த்தேன். நாலாவது கேள்விக்குப் பதில் என்னவாக இருந்தாலும், அந்தக் காலம் தார் போட்டு முடித்தபோதே ஓடத் தொடங்கிவிட்டது. இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறதா, முடிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள அந்த மனுவைத்தான் அனுப்ப வேண்டும். தேதியை மட்டும் மாற்றி எழுதினால் போதும்.